கோப்பியின் விலை: சுவை, சந்தை, உழைப்பு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1

மக்கள் கோப்பிக்கு எவ்வளவு செலவிடுகின்றனர், அதனை ஏன் குடிக்கின்றனர் ஆகிய இரு வினாக்களும் மேலோட்டமாக நோக்குமிடத்து வரலாற்றாய்வுக்கு உரியனவாகத் தோன்றா. முன்னையது குடும்ப வரவுசெலவுக் கணக்கின்பாற்பட்டது என்றும், பின்னையது தனிமனிதரின் நாச்சுவையின்பாற்பட்டது என்றும் கொள்வதே பொதுவழக்கு. கோப்பி பசியை ஆற்றும் உணவன்று. 1819ஆம் ஆண்டு ஜேர்மானிய இரசாயனவியலாளர் றுங்கே அதிலிருந்து பிரித்தெடுத்த கஃபீன் என்னும் பொருள் களைப்பை மறக்கச் செய்யும், உறக்கத்தைத் தள்ளிப்போடும். கோப்பி உற்சாகம் தருகிறது, ஆதலின் மக்கள் அதனைக் குடிக்கின்றனர் என்னும் விடை இதனடியாகப் பிறப்பதே.

இவ்விடை பிழையானதென்று நாம் கூறவில்லை. ஆயின் அது போதுமானதாக இல்லை. கஃபீன் தேயிலையிலும் உண்டு. மனித உடலும் அதன் களைப்பும் எங்கும் ஒரே தன்மையனவே. இருந்தும் பதினேழாம் நூற்றாண்டிலே கோப்பியை நாடிய இலண்டன் நகரத்தவரின் வழித்தோன்றல்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே தேநீரையே தமது தேசிய பானமாகக் கொண்டனர். தமிழ்நாட்டின் நடுத்தர வர்க்கத்தினர் கோப்பியைத் தமது பண்பாட்டின் அடையாளமாகவே வளர்த்தெடுத்தனர். ஒரு காலத்திலே பிறேசிலுக்கும் ஜாவாவுக்கும் அடுத்த நிலையில் உலகிற்குக் கோப்பி அளித்த இலங்கையிலோ தேநீரே பொதுமக்களின் அன்றாடப் பானமாயிற்று. உடலின் இயல்பைக் கொண்டு இவ்வேறுபாடுகளை விளக்க முடியாது என்பது தெளிவு.

உற்பத்தி நுகர்வோருக்குப் பொருளை மட்டும் அளிப்பதில்லை, அப்பொருளுக்குரிய நுகர்வோரையும் உருவாக்குகின்றது என்று 1857ஆம் ஆண்டு எழுதிய அரசியல் பொருளாதாரக் குறிப்புகளின் முன்னுரையிலே கார்ல் மார்க்ஸ் எடுத்துக்காட்டினார். தேவை என்பது வரலாற்றின் விளைபொருள் என்னும் இக்கருத்துக்குக் கோப்பியைப் போலச் சிறந்த எடுத்துக்காட்டு அரிது. இக்கட்டுரையிலே நாம் வற்புறுத்த விழைவது இதுவே: ஒரு கோப்பைக் கோப்பிக்குக் குடிப்பவர் கொடுக்கும் காசு அதன் விலையின் ஒரு பகுதி மாத்திரமே. எஞ்சியதை அவர் கண்டறியாத வேறு மனிதர் தமது நிலத்தாலும் உழைப்பாலும் பல சந்தர்ப்பங்களிலே உயிராலும் கொடுத்துள்ளனர். இவ்விரு தரப்பினரையும் ஒருசேர நோக்கும்போதே மேற்கூறிய இரு வினாக்களுக்கும் உரிய விடை கிட்டும். இதற்கான சான்றாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இலங்கைக் கோப்பியை நாம் எடுத்துக்கொள்கின்றோம்.

2

யேமனிலே சூபி ஞானியர் இரவு வழிபாட்டின்போது விழித்திருக்கும் பொருட்டுக் கோப்பி அருந்தினர். அது பொதுமக்களிடையே பரவிய வேளையில் அதிகாரம் அச்சங்கொண்டது. 1511ஆம் ஆண்டு மக்கா நகரிலே கோப்பிக்குத் தடை விதிக்கப்பட்டது. கோப்பி அருந்தும் இடத்திலே மனிதர் கூடினர். கூடிய மனிதர் பேசினர். தடைக்கு மார்க்க விளக்கங்கள் கூறப்பட்டபோதிலும் அந்தக் கூட்டமும் பேச்சுமே ஆள்வோரை உறுத்தின. இது பின்னரும் மீண்டும் மீண்டும் நிகழ்ந்தது.

இலண்டனிலே முதலாவது கோப்பிக்கடை 1652ஆம் ஆண்டளவில் பாஸ்குவா றொசே என்பவரால் திறக்கப்பட்டது. அக்காலக் கோப்பிக்கடைகளிலே ஒரு பென்னி கொடுத்தவர் எவரும் உள்ளே சென்று அமரலாம், செய்தித்தாள் படிக்கலாம், விவாதிக்கலாம். வாடிக்கையாளர் என்ற நிலையிலே பெண்களுக்கு அங்கு இடமிருக்கவில்லை என்பதையும் உடன் குறிப்பிடல் வேண்டும். அங்கு சென்றோர் அந்த ஒரு பென்னிக்கு வாங்கியது கசப்பான ஒரு பானத்தை மட்டுமன்று. கப்பல் வரவு, பங்கு விலை, அரசியல் வதந்தி ஆகியனவும் அக்காசுக்குள் அடங்கின. கடற்காப்புறுதி வணிகமாகப் பின்னர் வளர்ந்த லொயிட்ஸ் நிறுவனம் அத்தகைய கடையொன்றிலேதான் தோன்றிற்று. பங்குச் சந்தையின் தொடக்கமும் ஜொனதன் கோப்பிக்கடையோடு தொடர்புடையது. 1675ஆம் ஆண்டு டிசம்பரிலே இரண்டாம் சாள்ஸ் மன்னன் கோப்பிக்கடைகளை மூடுமாறு பிரகடனஞ் செய்தான். எதிர்ப்பு வலுத்தமையால் சில நாள்களுக்குள் அதனை மீளப்பெற நேர்ந்தது. நிலவுடைமையின் மதுக்கிண்ணத்திற்கு எதிராகத் தெளிந்த அறிவோடு கணக்குப் பார்க்கும் புதியதோர் வர்க்கத்தின் பானமாகக் கோப்பி அமைந்தது. அவ்வர்க்கம் ஏன் கோப்பி குடித்தது என்னும் வினாவுக்கு விடை இங்கேதான் உள்ளது.

ஐரோப்பாவின் இப்புதிய பழக்கத்தை நிறைவுசெய்யும் பொருட்டு ஒல்லாந்தர் ஜாவாவிலும் பிரெஞ்சுக்காரர் கரிபியன் தீவுகளிலும் கோப்பி பயிரிட்டனர். 1780களின் இறுதியிலே உலகக் கோப்பியில் ஏறத்தாழ அரைப்பங்கு சென் டொமிங் என்ற ஒரே குடியேற்றத்திலிருந்து கிடைத்தது. ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளே அதனை விளைவித்தனர். 1791ஆம் ஆண்டு அவ்வடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். 1804இலே ஹெயிற்றி விடுதலை பெற்ற நாடாயிற்று. பாரிஸ் நகரின் கோப்பிக்கடைகளிலே சமத்துவம் பற்றி விவாதித்தோரின் கோப்பைகளை நிரப்பியது அடிமைகளின் உழைப்பு. அவ்வடிமைகளோ அதே சமத்துவத்தை வாளேந்தி வென்றெடுத்தனர்.

கோப்பியின் அரசியல் ஆற்றலை மார்க்சும் எங்கெல்சும் நன்குணர்ந்திருந்தனர். நெப்போலியனின் கண்டத்தடை முறையினால் சீனியும் கோப்பியும் கிட்டாமற் போனமை 1813ஆம் ஆண்டு ஜேர்மானியரை அவனுக்கெதிராக எழச்செய்த உண்மையான காரணிகளுள் ஒன்று என்பதை 1845-46இலே எழுதிய ‘ஜேர்மானியக் கருத்தியல்’ நூலில் அவர்கள் சுட்டினர். ஆடம்பரமாக நுழைந்த ஒரு பண்டம் இரண்டொரு தலைமுறைக்குள் இன்றியமையாத தேவையாக மாறிவிட்டமையை இது புலப்படுத்துகின்றது.

3

பிரித்தானியத் தொழிலாளி வர்க்கத்தினரிடையே கோப்பி பரவிய வரலாறு இறக்குமதித் தீர்வையின் வரலாற்றோடு பிணைந்தது. 1808இலும் 1825இலும் கோப்பித் தீர்வை பெருமளவு குறைக்கப்பட்டது. அதன் விளைவாகக் கோப்பி மலிந்தது. நுகர்வு பன்மடங்கு பெருகிற்று. 1840ஆம் ஆண்டு இறக்குமதித் தீர்வைகளை ஆராய்ந்த பாராளுமன்றக் குழுவின் முன் இலண்டன் கோப்பிக்கடைக்காரர் சிலரும் சாட்சியமளித்தனர். கால் நூற்றாண்டுக்கு முன்னர் விரல்விட்டு எண்ணத்தக்கனவாயிருந்த கடைகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டனவாகப் பெருகியமையும், தொழிலாளர் சாராயக் கடைகளை விட்டு அங்கு வந்து ஓரிரு பென்ஸ் செலவிலே கோப்பி அருந்திச் செய்தித்தாள் வாசித்தமையும் அச்சாட்சியங்களால் அறியப்படுவன.

இதன் முக்கியத்துவத்தைக் குறைத்து மதிப்பிடலாகாது. செய்தித்தாளுக்கு முத்திரைவரி விதிக்கப்பட்டிருந்த காலம் அது. தனியாக ஒரு தாளை வாங்க வசதியற்ற தொழிலாளி, கோப்பியின் விலைக்குள்ளேயே பல தாள்களை வாசிக்க வாய்ப்புப் பெற்றான். 1838ஆம் ஆண்டு வெளியான மக்கள் சாசனத்தை வரைவதில் முன்னின்ற வில்லியம் லவெற், அதற்குச் சில ஆண்டுகளின் முன்னர் வாசிப்பறையோடு கூடிய கோப்பிக்கடையொன்றைத் தாமே நடத்தியவர். வாக்குரிமைக்காகப் போராடிய சாசன இயக்கத்தின் வளர்ச்சியிலே கோப்பிக்கடைக்கும் ஒரு பங்குண்டு. தொழிலாளி தன் சொற்ப கூலியில் ஓரிரு பென்ஸைக் கோப்பிக்குச் செலவிட்டது ஏன் என்று வினவுவோருக்கு இதுவே விடை: பதினாறு மணிநேர வேலையின் களைப்புக்கு அது மருந்தாயிற்று, அதற்கும் மேலாக, தன் வர்க்கத்தோடு கூடியிருந்து பேசுவதற்குரிய இடத்தின் வாடகையாகவும் அது அமைந்தது.

ஆயின் இம்மலிவு எங்கிருந்து வந்தது? பிரித்தானியப் பேரரசில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833இலே நிறைவேறிற்று. 1838இலே இடைக்காலப் பயிலுநர் முறையும் முடிவுற்றதும் மேற்கிந்தியத் தீவுகளின் கோப்பி உற்பத்தி வீழ்ச்சியடைந்தது. இதே வேளையில் 1835ஆம் ஆண்டு இலங்கைக் கோப்பிக்கும் மேற்கிந்தியக் கோப்பிக்கும் சமமான தீர்வை விதிக்கப்பட்டது. அடிமைகளின் கோப்பியை இழந்த சந்தைக்குப் புதியதொரு களஞ்சியம் தேவையாயிற்று. அக்களஞ்சியமே கண்டி மலைநாடு.

4

பிரித்தானியர் வருவதற்கு முன்னரே இலங்கையில் கோப்பி இருந்தது. கண்டிப் பிரதேசத்துச் சிங்கள விவசாயிகள் தமது வீட்டுத் தோட்டங்களிலே அதனை வளர்த்தனர். அதன் பூக்களை விகாரைகளிலே காணிக்கையாக வைத்தமையும், இலைகளைக் கறிக்குப் பயன்படுத்தியமையும் பதிவாகியுள்ளன. பானமாக அதனை அவர்கள் பெரிதும் விரும்பவில்லை. ஒரே செடி ஒரு சமூகத்திலே பூசைமலராகவும் இன்னொரு சமூகத்திலே பங்குச்சந்தையின் பானமாகவும் விளங்கிற்று. கோப்பியின் பயன் செடியினுள்ளே பொதிந்துள்ள ஒன்றன்று என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

1815இலே கண்டி இராச்சியம் வீழ்ந்தது. 1820களின் முற்பகுதியிலே ஜோர்ஜ் பேர்ட் கம்பளைக்கு அண்மையிலுள்ள சிங்ஹபிட்டியவிலும், தேசாதிபதி எட்வேட் பார்ன்ஸ் பேராதனையை அடுத்த கன்னொறுவையிலும் கோப்பித் தோட்டங்களைத் தொடங்கினர். ஆட்சியாளரே தோட்ட முதலாளியாகவும் இருந்தமை ஈண்டுக் கவனிக்கத்தக்கது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணி ஆக்கிரமிப்புக் கட்டளைச் சட்டம், உறுதிப்பத்திரம் காட்ட இயலாத காடுகளையும் சேனை நிலங்களையும் முடிக்குரியனவாகக் கொள்ள வழிவகுத்தது. எழுத்துமூல உறுதியின்றித் தலைமுறை தலைமுறையாக நிலத்தைப் பயன்படுத்தி வந்த கிராமத்தவர் ஒரே நாளில் ஆக்கிரமிப்பாளராயினர். ஏக்கர் ஐந்து சிலிங் என்னும் அடிவிலைக்கு நிலம் விற்கப்பட்டது. தேசாதிபதி, நீதிபதிகள், இராணுவ அதிகாரிகள், மதகுருமார், அரச சேவையாளர் ஆகியோரே அதனை முண்டியடித்து வாங்கினர் என்பதை அக்காலத்திலே குடியேற்றச் செயலாளராக விளங்கிய எமர்சன் டெனன்ட் தமது நூலிலே மறைக்காது எழுதியுள்ளார். சட்டத்தை ஆக்கியவரும், அதனை நிறைவேற்றியவரும், அதனால் நயமடைந்தவரும் ஒரே கூட்டத்தினர்.

நிலம் கிடைத்தபின் உழைப்பு வேண்டியிருந்தது. கண்டிய விவசாயி தன் வயலை விட்டுத் தோட்டத்திலே நிரந்தரக் கூலியாக விரும்பவில்லை. எனவே தென்னிந்தியாவின் திருச்சிராப்பள்ளி, மதுரை, திருநெல்வேலி, இராமநாதபுரம், புதுக்கோட்டை, சேலம் முதலாய பகுதிகளிலிருந்து தமிழ்த் தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். பஞ்சமும் கடனும் சாதிக் கொடுமையும் அவர்களை ஊரிலிருந்து தள்ளின. கங்காணியின் முன்பணமும் வாக்குறுதியும் கரைக்கு இழுத்தன. தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கிய அவர்கள் காட்டுப்பாதை வழியே கால்நடையாக மாத்தளையை அடைந்தனர். நீரில்லாப் பாதையிலும் கொலரா, மலேரியா, வயிற்றோட்டம் முதலிய நோய்களிலும் மாண்டோர் பலர். 1840களிலே ஏறத்தாழ எழுபதாயிரம் பேர், அதாவது வந்தோருள் நால்வருக்கு ஒருவர், இறந்திருக்கலாமென 1849ஆம் ஆண்டு ‘கொழும்பு ஒப்சேவர்’ பத்திரிகை மதிப்பிட்டது. இவ்வெண்ணிக்கை குறித்து ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயின் சாவு பெருவாரியாக நிகழ்ந்ததென்பதிலே வேறுபாடு இல்லை.

கோப்பியின் உற்பத்தி முறையும் இக்கொடுமைக்கு ஒரு காரணமாயிற்று. கோப்பிக்கு ஆண்டு முழுவதும் பெருந்தொகைத் தொழிலாளர் தேவையில்லை. பழம் பறிக்கும் சில மாதங்களிலேயே தேவை உச்சமடையும். ஆகவே தொழிலாளரை நிலையாகக் குடியமர்த்தி அவர்தம் நலன்பேணத் தோட்டத்துரைமார் அக்கறை கொள்ளவில்லை. பருவந்தோறும் வருவதும் போவதுமாகவே அவர்கள் வாழ்வு கழிந்தது. ஒவ்வொரு பயணத்திலும் அக்காட்டுப்பாதை தன் பங்கை எடுத்துக்கொண்டது. கூலியோ உரிய காலத்திலே கொடுக்கப்படவில்லை. தோட்டம் வழங்கிய அரிசிக்கும் கங்காணியிடம் பெற்ற கடனுக்கும் கழித்தபின் கையில் எஞ்சியது சொற்பம். தன் கையாற் பறித்த பழத்திலிருந்து வடித்த பானத்துக்குச் செலவிடத்தக்க காசு அத்தொழிலாளியிடம் இருக்கவில்லை.

இலண்டன் கோப்பிக்கடையிலே வாக்குரிமை பற்றி வாதித்த தொழிலாளியும், மாத்தளைப் பாதையிலே விழுந்த தொழிலாளியும் ஒருவரை ஒருவர் அறியார். இருவரையும் சுரண்டியது ஒரே மூலதனம். ஆயினும் ஒருவரின் சிறிய ஆறுதல் மற்றவரின் பேரிழப்பின்மீது கட்டப்பட்டிருந்தது. பண்டம் என்பது மனித உறவைப் பொருளுறவாக மறைத்துக் காட்டும் என்று மார்க்ஸ் கூறியதன் உட்பொருளை இங்கே நாம் கண்கூடாகக் காண்கின்றோம். கோப்பையின் அடியிலே தங்கிய மண்டியில் மன்னார்ப் பாதை தெரிவதில்லை.

5

வரலாற்று ஆவணங்களை எழுதியோர் ஆட்சியாளரும் தோட்டத்துரைமாருமே. தொழிலாளரின் குரலைத் தேடுவோர் இலக்கியத்தின்பால், சிறப்பாக வாய்மொழி இலக்கியத்தின்பால், திரும்புதல் இன்றியமையாதது. இவ்வகையில் இருவேறு சான்றுகள் நமக்குக் கிடைத்துள்ளன.

முதலாவது, 1869ஆம் ஆண்டு ஆபிரகாம் ஜோசப் என்பவரால் இயற்றப்பட்ட ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’. மலையகத்தோடு தொடர்புடைய தமிழ் அச்சு நூல்களுள் மிக முற்பட்ட ஒன்றாக இதனை ஆய்வாளர் கருதுவர். கோப்பிப் பயிர்ச்செய்கையை விளக்கும் இந்நூலின் நோக்குத் தோட்ட நிருவாகத்தின் நோக்கே. தொழிலாளர் கூடிப் பாடியாடும் கும்மி வடிவத்தை எடுத்து அவர்களுக்கே வேலையொழுங்கைப் போதிக்க அது முனைகின்றது. மக்கள் கலைவடிவமொன்று அவர்தம் உழைப்பை ஒழுங்குபடுத்தும் கருவியாக்கப்பட்டமை நமது இலக்கிய வரலாற்றாசிரியர் மேலும் ஆராயவேண்டிய செய்தியாகும். எனினும் பயிர்த்தொழிலையும் கூலி உழைப்பையும் பாடுபொருளாக்கியதன் வாயிலாக அந்நூல் தமிழ்ச் செய்யுளுக்குப் புதியதொரு பொருட்பரப்பைத் திறந்தமையையும் மறுத்தல் இயலாது.

இரண்டாவது சான்று தொழிலாளரின் நாட்டார் பாடல்கள். தோட்டத் தொழிலாளரிடையே பிறந்து வளர்ந்த சி. வி. வேலுப்பிள்ளை போன்றோரின் அரிய முயற்சியால் அவை தொகுக்கப்பட்டு நூலுருப் பெற்றன. கோப்பிக் காலத்து நினைவைச் சுமந்து நிற்கும் பாடலொன்றிலே, கோப்பிக் கன்று நட்ட மலையும் உடன்பிறந்தவனைப் பறிகொடுத்த மலையும் ஒன்றாகவே சுட்டப்படுகின்றன. அங்கே பயிர்ச்செய்கை பற்றிய விளக்கமில்லை, இலாபக் கணக்கில்லை. ஒரு மலை இருக்கிறது. அது ஒரு மனிதரை விழுங்கியிருக்கிறது. ஏற்றுமதிப் புள்ளிவிபரங்கள் கூறாத விலையை அப்பாடல் கூறிவிடுகின்றது. கும்மி நூல் கோப்பியை எவ்வாறு விளைவிப்பது என்று கற்பித்தது. நாட்டார் பாடலோ அதனை விளைவிக்க எவ்வளவு செலவாயிற்று என்பதைப் பதிந்துவைத்தது.

6

கும்மி வெளியான அதே 1869ஆம் ஆண்டிலே மடுல்சீமைப் பகுதியில் கோப்பி இலைகளின் அடிப்புறத்தே செம்மஞ்சட் புள்ளிகள் தோன்றின. ஹெமிலியா வஸ்ராற்றிக்ஸ் என விஞ்ஞானிகள் பெயரிட்ட பூஞ்சணமே அது. 1870இலே கோப்பி ஏற்றுமதி பத்து இலட்சம் அந்தரைத் தாண்டியிருந்தமையாலும், விலையேற்றம் விளைச்சற் குறைவை மறைத்தமையாலும் தோட்டத்துரைமார் தொடக்கத்திலே இதனைப் பொருட்படுத்தவில்லை. மேலும் மேலும் காட்டை வெட்டிக் கோப்பி நட்டனர். மலைத்தொடர்கள் முழுவதும் ஒரே பயிரால் நிறைந்திருந்தமை நோய் பரவுவதற்குப் பெருவாய்ப்பளித்தது. இயற்கையின் சீற்றமென இதனைக் கூறிவிடலாகாது. ஒற்றைப் பயிரின்மீது இலாபவேட்கை எழுப்பிய மாளிகை சரிந்தது என்பதே பொருந்தும். 1884ஆம் ஆண்டு மே மாதத்திலே ஓரியன்ரல் வங்கி முறிந்தது. 1880களின் முடிவிலே இலங்கைக் கோப்பி ஏற்றுமதி அதன் உச்சநிலையின் நிழலாகவே எஞ்சியது.

வீழ்ச்சியின் சுமையும் சமமாகப் பகிரப்படவில்லை. தோட்டத்துரைமாருட் பலர் நொடித்தனர் என்பது உண்மையே. ஆயின் மூலதனம் அழியவில்லை. அது பயிரை மாற்றிக்கொண்டது. ஜேம்ஸ் டெயிலர் 1867ஆம் ஆண்டு லூல்கந்துர தோட்டத்திலே 19 ஏக்கரில் நட்ட தேயிலை இப்போது மலைகளை மூடிற்று. வீட்டுத் தோட்டக் கோப்பியை விற்றுப் பெற்ற காசைக் கொண்டு வரி செலுத்திவந்த கண்டிய விவசாயிக்கு அவ்வாறு மாற்றிக்கொள்ள எதுவும் இருக்கவில்லை. 1880களிலே வலப்பனை முதலான பகுதிகளில் நெல்வரி செலுத்த இயலாதோரின் வயல்கள் ஏலத்தில் விற்கப்பட்டன. பட்டினியும் சாவும் தொடர்ந்தன. 1892இலேயே அவ்வரி நீக்கப்பட்டது. தமிழ்த் தொழிலாளருட் பலர் வேலையிழந்து திரும்பிச் சென்றனர். தேயிலை ஆண்டு முழுவதும் கொழுந்து தருவதாகையால், பின்னர் வந்தோர் குடும்பங்களோடு லயங்களிலே நிலையாகத் தங்கவைக்கப்பட்டனர். நிரந்தர மலையக மக்கட் சமூகம் ஒன்று உருவானமைக்கும் கோப்பியின் அழிவுக்கும் உள்ள தொடர்பு இதுவாகும்.

நுகர்வோரின் நிலை யாது? இலங்கைக் கோப்பியின் மறைவை ஐரோப்பா பெரிதும் உணரவில்லை. பிறேசில் அவ்விடத்தை நிரப்பிற்று. அங்கே 1888ஆம் ஆண்டு வரை அடிமை முறை நீடித்தது. பிரித்தானியாவிலோ, ஏற்கெனவே வேரூன்றியிருந்த தேநீர்ப் பழக்கம் இந்திய, இலங்கைத் தேயிலையின் மலிவினாலும் லிப்டன் போன்ற வணிகரின் விளம்பரத்தினாலும் முழுமை பெற்றது. சிக்கரி முதலிய கலப்படங்களினாலே தன் கோப்பியில் நம்பிக்கை இழந்திருந்த பிரித்தானியத் தொழிலாளி தேநீருக்கு மாறியமை வியப்பன்று. நாவின் சுவை மாறியதாக அவன் எண்ணியிருக்கக்கூடும். உண்மையிலே அவனுக்கு எட்டிய விலையும் சந்தைக்கு வந்த சரக்குமே மாறியிருந்தன.

7

கோப்பியும் தேநீரும் தமிழர் வாழ்விலே பெற்ற இடத்தைக் குறிப்பிடாது இவ்வாய்வு நிறைவுறாது. தென்னிந்தியாவிலே மைசூர், குடகு, நீலகிரி, சேர்வராயன் மலைகளில் விளைந்த கோப்பி, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே நகர்ப்புற நடுத்தர வர்க்கத்தின் வீட்டுப் பானமாயிற்று. ஏற்றுமதிச் சந்தை நெருக்கடிக்குள்ளானபோது உள்நாட்டு நுகர்வை வளர்க்கும் முயற்சிகள் நிறுவன அடிப்படையிலே மேற்கொள்ளப்பட்டன. நுகர்வோரை உற்பத்தி உருவாக்குகின்றது என்னும் கூற்றுக்கு இதுவும் சான்று. 1950களின் பிற்பகுதியிலே இந்தியக் கோப்பிச் சபை தனது கோப்பி இல்லங்களை மூடத் தொடங்கியபோது, பணிநீக்கப்பட்ட தொழிலாளர் ஏ. கே. கோபாலனின் வழிகாட்டலிலே கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்து அவற்றைத் தாமே நடத்தினர். கோப்பையை ஏந்தி வந்தோர் கடையின் உரிமையாளராயினர்.

நமது யாழ்ப்பாணத்திலே மல்லியும் சுக்கும் சேர்த்து இடித்த கோப்பி வீட்டு வழக்கில் நிலைத்தது, தேநீர்க்கடை பொதுவிடமாயிற்று. இலண்டன் கோப்பிக்கடையிலே பென்னி கொடுத்தவரெல்லாம் அமர முடிந்தது என்றோம். யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடையிலோ காசு சமமாயிருந்தும் பாத்திரம் சமமாயிருக்கவில்லை. ஒடுக்கப்பட்ட சாதியினர் வெளியே நின்று சிரட்டையிலும் தகரப் பேணியிலும் போத்தலிலும் வாங்கிக் குடிக்கும்படி வைக்கப்பட்டனர். பணம் எல்லா வேறுபாடுகளையும் சமப்படுத்தும் என்பது முதலாளித்துவத்தின் வாக்குறுதி. நிலவுடைமை எச்சங்கள் உறைந்த சமூகத்திலே அவ்வாக்குறுதியும் பொய்த்தது. நாணயத்திற்குச் சாதியில்லை, கோப்பைக்கு இருந்தது.

1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் இவ்வழக்கத்தைக் குற்றமாக்கியது. சட்டத்தால் மட்டும் அது ஒழியவில்லை. 1966ஆம் ஆண்டு ஒக்ரோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலமும் அதனைத் தொடர்ந்து ஆலயப் பிரவேசம், தேநீர்க்கடைப் பிரவேசம் என விரிந்த வெகுசனப் போராட்டங்களுமே கடைகளின் கதவைத் திறந்தன. அப்போராட்டங்களிலே இரத்தஞ் சிந்தப்பட்டது, உயிர்கள் பலியாயின. கே. டானியலின் ‘பஞ்சமர்’ நாவல் இவ்வரலாற்றுச் சூழலிலிருந்து முகிழ்த்ததாகும். கடையினுள்ளே அமர்ந்து, எல்லோரும் குடிக்கும் கோப்பையிலே, எல்லோரும் கொடுக்கும் காசைக் கொடுத்துக் குடித்த முதற் கோப்பைக்கு அம்மக்கள் செலுத்திய விலையை எந்தக் கணக்கேடு காட்டும்? அவர்கள் ஏன் அதனைக் குடித்தனர் என்பதற்குக் கஃபீன் விடையாகுமா?

8

கோப்பிக்குச் செலவிடப்படும் பணம் எங்கே செல்கின்றது என்பதைப் பிற்காலத் தரவுகளும் தெளிவாக்குகின்றன. உலகப் பொருளாதார மந்தத்தின்போது விலையைத் தாங்கும் பொருட்டுப் பிறேசில் அரசு 1931க்கும் 1944க்குமிடையிலே 7 கோடி 80 இலட்சம் மூடைக் கோப்பியை அழித்தது. குடிக்க விரும்பியோர் இல்லாமையால் அது அழிக்கப்படவில்லை. விலை கொடுக்கக்கூடியோர் போதாமையே காரணம். 1962ஆம் ஆண்டின் சர்வதேசக் கோப்பி உடன்படிக்கை உற்பத்தி நாடுகளுக்குப் பங்கீட்டு அளவை வகுத்து விலைக்கு ஓரளவு பாதுகாப்பளித்தது. 1989இலே அந்தப் பங்கீட்டு முறை குலைந்தது. சர்வதேசக் கோப்பி நிறுவனம் 2002இலே வெளியிட்ட கணக்கின்படி, 1990களின் தொடக்கத்தில் நுகர்வோர் ஆண்டுதோறும் கோப்பிக்குச் செலவிட்ட ஏறத்தாழ 3,000 கோடி டொலரில் 1,000 முதல் 1,200 கோடி வரை உற்பத்தி நாடுகளுக்குக் கிடைத்தது. பத்தாண்டின் பின்னர் நுகர்வோர் செலவு 7,000 கோடியைத் தாண்டியது. உற்பத்தி நாடுகளின் வருவாயோ 550 கோடியாகச் சுருங்கிற்று. குடிப்பவர் கூடுதலாகக் கொடுத்தனர். விளைவிப்பவர் குறைவாகப் பெற்றனர். இடையிலே நின்ற வறுப்பு நிறுவனங்களும் வணிக நிறுவனங்களும் எஞ்சியதைக் கொண்டன. மாத்தளைத் தோட்டத்திலே நாம் கண்ட உறவு வடிவம் மாறித் தொடர்ந்தது.

கோப்பிக்காக வந்து தேயிலைக்காகத் தங்கியோரின் வழித்தோன்றல்கள் 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டனர். 1964இலே இரு அரசுகள் அவர்களைத் தொகைகளாகப் பங்கிட்டுக்கொண்டன. 2003ஆம் ஆண்டுச் சட்டமே எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை பெறும் வழியைத் திறந்தது. ஒரு நாட்டின் பாதைகளையும் புகையிரதப் பாதைகளையும் வங்கிகளையும் துறைமுகத்தையும் உருவாக்கிய செல்வத்தை ஈட்டித் தந்தோர், அந்நாட்டிலே தாம் இருப்பதற்கான உரிமையை நிறுவ ஐம்பத்தைந்து ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. 2023ஆம் ஆண்டு, மலையக மக்களின் இருநூறு ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் மேற்கொள்ளப்பட்டது. முன்னோர் விழுந்த பாதையிலே பின்னோர் நடந்தமை இறந்தோருக்குச் செய்த அஞ்சலி. நிலத்துக்கும் வீட்டுக்கும் உரிய கூலிக்கும் எழுப்பிய கோரிக்கையும் அதுவே.

நமது தொடக்க வினாக்களுக்கு மீள்வோம். மக்கள் கோப்பி குடிப்பது வெறும் உற்சாகத்துக்காக மட்டுமன்று. கூடியிருக்கவும், செய்தி அறியவும், தம் வர்க்கத்தின் அடையாளத்தைக் காட்டவும், சில வேளைகளிலே தாமும் மனிதரே என்பதை நிலைநாட்டவும் அவர்கள் அதனைக் குடித்துள்ளனர். இவை நியாயமான மனிதத் தேவைகள். கோப்பி அருந்துவோரைக் குற்றவாளிகளாக்குவது நமது நோக்கமன்று. அவர்கள் எவ்வளவு செலவிடுகின்றனர் என்னும் கணக்கு மட்டும் இதுகாறும் அரைகுறையாகவே எழுதப்பட்டுள்ளது. அதன் மறுபக்கத்தை எழுதுதல், தோட்டக் கணக்கேடுகளோடு தொழிலாளர் பாடல்களையும் சான்றாகக் கொள்ளும் வரலாற்றாய்வின் கடனாகும். மாத்தளை மலைகளிலும் லயங்களிலும் அப்பாடல்களையும் வாய்மொழி வரலாறுகளையும் நினைவில் வைத்திருக்கும் முதியோர் அருகி வருகின்றனர். அப்பணி காலந்தாழ்த்தாது மேற்கொள்ளப்படல் வேண்டும்.